பேரேடு சரி, தராசு யார் கையில்?

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மங்கில் சொட்டிய பால் வாளிக்குப் போகும். வாளிப் பால் தோம்புக்கு. தோம்புப் பால் கொட்டகைத் தொட்டிக்கு, அங்கிருந்து ஆலைக்கு. ஐந்நூறு மரத்துப் பால் ஒருவர் தோம்பில் சேர்கிறது. நாற்பது பேர் தோம்பு ஒரே தொட்டியில் கலக்கிறது. உறைந்தபின் பல லாரிகளில் பிரிந்து போகிறது. சேரும், பிரியும், மறுபடி சேரும். ஆனால் எந்தக் காலத்திலும் பால் திரும்பி மரத்துக்குப் போகாது.

இந்த வடிவத்துக்குக் கணிதத்தில் ஒரு பெயர் உண்டு: சுழற்சியற்ற திசைவலை. அம்புக்குறிகள் ஒரு திசையில் மட்டும் போகும். எங்கே தொடங்கினாலும் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வர முடியாது. பிட்காயினின் சங்கிலிக்கு மாற்றாக, இந்த வலை வடிவில் கணக்கெழுதும் பேரேடுகள் ஏறத்தாழ பத்தாண்டுகளாக உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கெடாவில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. ரப்பரும் செம்பனையும் எந்த நிலத்தில் விளைந்தன என்று ஆயத்தொலைவோடு சொல்லாவிட்டால் வாங்கமாட்டோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் போட்டது. அமலாக்கம் தள்ளிப்போனாலும் சட்டம் போய்விடவில்லை. இங்கே சிறுதோட்டக்காரர்களின் விற்பனையை மலேசிய ரப்பர் வாரியம் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்கிறது. மானியமும் பதிவை நம்பித்தான். ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகைக்கான விலைவரம்பு 2024 வரவு செலவுத் திட்டத்தில் கிலோவுக்கு 3 வெள்ளியாக உயர்ந்தது. இத்தகைய நேரத்தில், “பிளாக்செயினில் போட்டுவிட்டால் யாரும் ஏமாற்ற முடியாது” என்ற வாக்கியம் கூட்டத்துக்குக் கூட்டம் காதில் விழுகிறது. அந்த வாக்கியத்தில் எவ்வளவு நிஜம், எவ்வளவு தண்ணீர் என்று பார்க்கவேண்டும். பாலில் தண்ணீர் கலந்தால் கண்டுபிடிக்கத் தோட்டத்தில் மெட்ரோலாக் என்று ஒரு கருவி வைத்திருந்தார்கள். வாக்கியத்துக்கு அப்படிக் கருவி கிடையாது.

முதலில் சங்கிலி. 2009 ஜனவரியில் தொடங்கிய பிட்காயினில் எல்லாக் கணக்கும் ஒரே வரிசை. ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒரு கட்டு, அதாவது ஒரு ‘பிளாக்’. ஒவ்வொரு கட்டும் முந்தையதன் விரல்ரேகையைத் தன்மேல் குத்திக்கொள்கிறது. அடுத்த கட்டை யார் எழுதுவது என்பதை ஒரு புதிர்ப்போட்டி முடிவு செய்கிறது. போட்டிக்கு வேண்டியது மூளையல்ல, மின்சாரம். மின்சாரம் திருடிப் போட்டியில் இறங்கியவர்களிடமிருந்து பறித்த 1,069 கணினிகளை 2021 ஜூலையில் சரவாக் மாநிலம் மீரியில் போலீசார் சாலை உருளையை ஏற்றி நசுக்கிய காட்சியை நாம் எல்லோரும் பார்த்தோம். கணக்கெழுத இவ்வளவு செலவா என்று அப்போது கேட்டவர்களுக்கு, ஆறு வருடம் முன்பே ஒரு பதில் தயாராகியிருந்தது.

2015இல் உருவான ஐஓட்டா திட்டத்துக்காக செர்கேய் போபோவ் என்ற கணித அறிஞர் ‘டாங்கிள்’ என்ற அமைப்பை எழுதினார். பின்னல் என்று சொல்லலாம். அதில் கட்டும் கிடையாது, புதிர்ப்போட்டி வைத்துக் கட்டணம் வாங்குகிறவரும் கிடையாது. விதி ஒன்றே ஒன்று: நீ ஒரு பரிவர்த்தனை எழுத வேண்டுமென்றால், உனக்குமுன் வந்து இன்னும் யாரும் சரிபார்க்காத இரண்டு பரிவர்த்தனைகளை நீ சரிபார்க்க வேண்டும்.

நம் ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டால் இரண்டு பேர் ஜாமீன் போட வேண்டும். டாங்கிளில் அது தலைகீழ். புதிதாக வருகிறவன் தனக்கு ஜாமீன் தேடுவதில்லை. முன்னால் வந்த இரண்டு பேருக்கு அவன் ஜாமீன் நிற்கிறான். அவனுக்கு ஜாமீன் நிற்க அடுத்து ஒருவன் வருவான். அழகான யோசனை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வேலை செய்கிறவனும் சரிபார்க்கிறவனும் ஒரே ஆள். தோட்டத்து மொழியில் சொன்னால், கணக்கெழுதும் கிராணி இல்லாத செக்ரோல், அதாவது ஆள்கணக்குப் புத்தகம்.

சரிபார்ப்பது என்றால் எதை? கையெழுத்து உண்மையா, கொடுப்பவரிடம் அந்தத் தொகை இருக்கிறதா, அந்தப் பதிவுக்குப் பின்னால் மூதாதைகளாக நிற்கும் பதிவுகளில் எதனோடாவது அது முரண்படுகிறதா. முதல் இரண்டும் கணினிக்கு நொடி வேலை. மூன்றாவதில்தான் எல்லாச் சிக்கலும்.

ஒருவரிடம் 100 வெள்ளி இருக்கிறது. அதே 100 வெள்ளியைப் பீடோங் கடைக்காரருக்கும் குரூண் கடைக்காரருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புகிறார். சங்கிலியில் ஒரே வரிசை என்பதால் முதலில் ஏறியது செல்லும், இரண்டாவது தள்ளுபடி. வலையில் ‘முதல்’ என்பதே தெளிவில்லை. பீடோங் பக்கத்துக் கணினிகள் ஒன்றை முதலில் பார்க்கின்றன, குரூண் பக்கத்தவை மற்றதை. கடிகாரத்தை நம்பாமல் எது முன், எது பின் என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதை லெஸ்லி லாம்போர்ட் 1978லேயே எழுதிவிட்டார். ஆகவே இரண்டு பதிவும் வலையில் ஒட்டிக்கொள்ளும். புதிதாக வருகிறவர்கள் இரண்டில் ஒன்றுக்குத்தான் ஜாமீன் நிற்கலாம். இரண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டால் அவர்கள் பதிவே செல்லாமல் போகும். நாளடைவில் ஒரு கிளையின் மேல் நிறையப் பேர் ஏறியிருப்பார்கள், மற்றது காய்ந்துவிடும். ஒரு பதிவின் மேல் நேராகவும் சுற்றியும் எத்தனை பதிவுகள் ஏறி நிற்கின்றனவோ அதுவே அதன் எடை. எடை கூடக்கூட, அதைப் பெயர்ப்பது கடினம்.

எந்த இரண்டுக்கு ஜாமீன் நிற்பது என்று அவரவர் இஷ்டத்துக்கு விட்டால் சோம்பேறிகள் வருவார்கள். எப்போதோ சரிபார்க்கப்பட்ட பழைய பதிவுகளைக் காட்டி, “இதோ, என் வேலை முடிந்தது” என்பார்கள். காலைப் பெரட்டில் ஆளெண்ணும்போது பெயர் கொடுத்துவிட்டு வெட்டுக்காட்டில் நிழல் தேடுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. போபோவ் இதற்கு வைத்த வைத்தியம்: வலையின் பழைய பகுதியிலிருந்து புதிய முனையை நோக்கித் தற்செயலாக நடந்து வா, ஆனால் ஒவ்வொரு சந்தியிலும் கனமான பக்கம் சாய்ந்து நட. அப்படி நடந்தால் சோம்பேறியின் மெலிந்த கிளைக்குள் நுழைவது அபூர்வம். கடைக்காரரும் தம் பணம் உறுதியானதா என்று பார்க்க இதே நடையை நூறு முறை ஓடவிடலாம். தொண்ணூற்றைந்து முறை தம் பதிவின் வழியாகப் போகும் முனைக்கு வந்து சேர்ந்தால், சரக்கைக் கொடுக்கலாம். கவனிக்க வேண்டும்: இங்கே ‘ஆம்’ என்ற பதில் இல்லை, ‘நூற்றுக்கு இத்தனை’ என்ற பதில்தான். மளிகைக்கடைக்காரர்கள் ஆள் முகத்தைப் பார்த்து 555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகத்தில் கடன் எழுதியதும் இதே மாதிரி ஒரு நிகழ்தகவுக் கணக்குதான். என்ன, அவர்கள் நூறு முறை நடக்கவில்லை.

வேறு விதமாகவும் வலை பின்னலாம். லீமன் பேர்ட் 2016இல் வெளியிட்ட ஹேஷ்கிராஃப் முறையை விளக்க நான் கண்ட சிறந்த உவமை லயத்துக் குழாயடி. குழாயடியில் ஒருத்தி செய்தி மட்டும் சொல்வதில்லை. “இதை எனக்குச் சொன்னது யார், அவளுக்குச் சொன்னது யார், நான் கேட்டபோது அவளுக்கு வேறென்ன தெரிந்திருந்தது” என்று வரலாற்றோடு சொல்வாள். ஹேஷ்கிராஃபில் ஒவ்வொரு கணினியும் இன்னொன்றோடு பேசும்போது இப்படித்தான் ஒரு பதிவு எழுதுகிறது. தன் கடைசிப் பதிவின் விரல்ரேகை ஒன்று, எதிராளியின் கடைசிப் பதிவின் விரல்ரேகை ஒன்று. எல்லோரிடமும் வம்பின் முழு வரைபடம் இருப்பதால், யார் எப்போது எதை அறிந்திருந்தார்கள் என்று ஒவ்வொருவரும் கணக்கிட்டுவிடலாம். தேர்தல் நடத்தாமலே, நடத்தியிருந்தால் அவளவள் எப்படி வாக்களித்திருப்பாள் என்றும் சொல்லிவிடலாம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நேர்மையாளர்கள் இருந்தால் போதும், விடை எல்லோருக்கும் ஒன்றாக வரும். ஆனால் இந்தக் குழாயடிக்கு எல்லோரும் குடத்தோடு வந்துவிட முடியாது. இதன்மேல் எழுந்த ஹெடெரா வலையமைப்பை ஒரு நிர்வாக மன்றம் நடத்துகிறது. அதில் கூகுள், ஐபிஎம் போன்றவற்றோடு டாடா கம்யூனிகேஷன்ஸும் சென்னை ஐஐடியும் இடம்பெற்றன.

நானோ என்ற மூன்றாவது முறை நமக்கு இன்னும் நெருக்கம். அதில் பொதுச் சங்கிலியே கிடையாது. ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனிச் சங்கிலி. நான் அனுப்பினால் என் சங்கிலியில் ஒரு பற்று எழுதுவேன். அது உங்களுக்கு வந்து சேர, நீங்களே உங்கள் சங்கிலியில் ஒரு வரவு எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதுவரை பணம் நடுவழியில் நிற்கும். நகரத்தார் வட்டிக்கடையில் சிட்டையும் பேரேடும் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு இதை விளக்க இரண்டு நிமிடம் போதும். இந்தக் கடையின் பற்று அந்தக் கடையின் வரவோடு பொருந்தவேண்டும், பொருந்தாவிட்டால் ஐந்தொகை இடிக்கும். ஒருவர் தம் சங்கிலியிலேயே இரட்டைக் கணக்கு எழுதினால் பிரதிநிதிகள் வாக்களித்து ஒன்றைத் தள்ளுகிறார்கள். வாக்கின் எடை, அவர்களை நம்பி ஒப்படைக்கப்பட்ட இருப்பைப் பொறுத்தது.

இனி, விற்கிறவர்கள் சொல்லாமல் விடும் பகுதி.

கிராணி இல்லாத செக்ரோல் என்றேனே, அது உண்மையில் அப்படி ஓடவில்லை. மேலே ஏறுகிறவர்களின் கூட்டம் பெரிதாக இருந்தால்தான் டாங்கிளின் எடைக் கணக்குப் பாதுகாப்புத் தரும். கூட்டம் குறைவான ஆரம்ப காலத்தில் ஒரு தனி ஆள் திருட்டுக் கிளையை வளர்த்துப் பெரிதாக்கிவிட முடியும். ஆகவே ஐஓட்டா அறக்கட்டளை ‘கோஆர்டினேட்டர்’ என்று ஒரு கணினியைத் தன் கையில் வைத்துக்கொண்டது. அது அவ்வப்போது ஒரு மைல்கல் பதிவு போடும். அந்த மைல்கல்லுக்குப் பின்னால் நிற்பவையே உறுதியானவை. மற்றவை காத்திருக்க வேண்டியதுதான். தற்காலிக ஏற்பாடு என்றார்கள். 2020 பிப்ரவரியில் அவர்களுடைய டிரினிட்டி பணப்பைச் செயலி வழியே திருட்டு நடந்தபோது, அறக்கட்டளை கோஆர்டினேட்டரை நிறுத்தியது. உலகம் முழுக்கப் பரவிய, யார் கட்டுப்பாட்டிலும் இல்லாத பேரேடு ஏறத்தாழ ஒரு மாதம் அப்படியே நின்றது. திருட்டைத் தடுக்கத்தான் நிறுத்தினார்கள், அதில் தவறு காண மாட்டேன். ஆனால் நிறுத்த முடிந்தது என்பதே செய்தி. கிராணி கொட்டகைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார், வெளியே போகவில்லை.

2025 மே மாதம் ஐஓட்டா தன் அடிப்படையையே மாற்றிக்கொண்டது. கோஆர்டினேட்டர் போய்விட்டது. கூடவே, ‘ஒவ்வொருவரும் இருவருக்கு ஜாமீன்’ என்ற மூல யோசனையும் போய்விட்டது. இப்போது பங்குத்தொகையின் பலத்தில் தேர்வாகும் ஒரு சரிபார்ப்போர் குழு. வலை வடிவம் இருக்கிறது; அந்தக் குழுவினர் ஒவ்வொரு சுற்றிலும், முந்தைய சுற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் எழுதியதைச் சுட்டிக்காட்டி வலையைப் பின்னுகிறார்கள். வேகமானது, கணிதமும் உறுதியானது. ஆனால் பால் வெட்டுகிறவனே கணக்கும் பார்ப்பான் என்ற கனவு பத்தாண்டில் கமிட்டிக்குத் திரும்பிவிட்டது.

கமிட்டி என்றாலே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த நாளில், துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். லயம் லயமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார்கள். அந்தக் காசில் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம். ஒரே தலைமையகம், ஒரே பேரேடு. பரவலும் இல்லை, வலையும் இல்லை. கேள்வி கேட்க உறுப்பினருக்கு ஆண்டுக் கூட்டம் இருந்தது, சந்தேகம் வந்தால் முகம் பார்க்கத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். ஒரு பேரேட்டை நம்பலாமா என்பது அதன் வடிவத்தைவிட, அதில் தவறு கண்டவனுக்கு என்ன கதி என்பதில்தான் இருக்கிறது.

அது எனக்கு வீட்டிலேயே தெரிந்த விஷயம். என் அம்மா சுங்கை பட்டாணி வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். தினமும் நிறுவை முடிந்து வந்ததும் கையைக் கழுவிவிட்டு 555 புத்தகத்தில் தேதியும் கிலோவும் எழுதுவார். மளிகைக் கடனுக்கு ஒரு புத்தகம், இதற்கு ஒன்று. ஒரு மாதம் சம்பளத் துண்டில் பதினோரு கிலோ குறைந்திருந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். கிராணி கோபப்படவில்லை; வாங்கிக்கூடப் பார்த்தார். “கையெழுத்து நல்லா இருக்கும்மா. ஆனா இது உங்க புத்தகம்தானே?” என்றார். இரண்டு பேரேட்டில் எது செல்லும் என்ற கேள்விக்கு அன்று எடை கூட்டவும் யாரும் இல்லை, தற்செயலாக நடந்து பார்க்கவும் யாரும் இல்லை.

அதைவிட முக்கியமான ஒன்று. அம்மாவின் புத்தகமும் கிராணியின் புத்தகமும் ஒத்துப்போன மாதங்களில்கூட, இரண்டும் ஒரே தராசைப் பார்த்து எழுதியவைதாம். தராசு பொய் சொன்னால் இரண்டும் சேர்ந்து பொய் சொல்லும். நான் மேலே விவரித்த மூன்று முறைகளும் பதிவுக்கும் பதிவுக்கும் உள்ள உறவைத்தான் சரிபார்க்கின்றன. இந்தக் கையெழுத்து உண்மை, இந்தத் தொகை முன்பே செலவாகவில்லை, இந்த எண் மாற்றப்படவில்லை. நாணயத்துக்கு அது போதும், ஏனென்றால் அந்த நாணயம் பேரேட்டுக்கு வெளியே எங்கும் இல்லை. ரப்பர் அப்படியல்ல. அது நாறும், ஈரமாக இருக்கும், லாரியில் கிடக்கும்.

இன்று கெடாவில் ரப்பர் வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரச் சிறுதோட்டக்காரர்கள். நம்மவர்களின் பழைய தோட்டங்கள் பல செம்பனையாகவும் தாமான் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. சீக், பாலிங் பக்கம் பாருங்கள். மங்கிலேயே உறைந்த கட்டிப்பாலைச் சாக்கில் போட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து வியாபாரியிடம் போடுகிறார்கள். 40 கிலோ என்று தராசு காட்டுகிறது. அதில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர்? பல இடங்களில் வியாபாரியின் கண்தான் மெட்ரோலாக். நூற்றுக்கு 50 என்று சொன்னால் 20 கிலோ, 45 என்று சொன்னால் 18. உலர்ந்த ரப்பர் கிலோ 6 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், ஒரு பார்வையில் 12 வெள்ளி போயிற்று. அந்த 45, பிறகு உலகத்தின் எந்த அருமையான வலைப் பேரேட்டில் ஏறினாலும் 45ஆகவே இருக்கும். யாராலும் திருத்த முடியாது என்ற உத்தரவாதத்தோடு இருக்கும். விலை வீழ்ந்து வயிறு காய்ந்து 1974 இறுதியில் பாலிங் மக்கள் திரண்டு நின்றது வரலாறு. அந்த ஊரில் கிலோவுக்குச் சில காசு என்பது சின்ன விஷயமல்ல.

தராசிலேயே ஒரு சில்லை வைத்து, மனிதக் கை படாமல் நேராகப் பேரேட்டில் கையெழுத்திடச் செய்தால் என்ன என்று கேட்பார்கள். ஐஓட்டா பிறந்ததே இயந்திரங்கள் ஒன்றோடொன்று கணக்குப் பார்க்கத்தான். சில்லுக்கு வெகுதூரம் போகவும் வேண்டாம். 1996 முதல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது, 2024 ஆகஸ்டில் இன்ஃபினியான் அங்கே புதிய சிலிக்கான் கார்பைடு ஆலையைத் திறந்தது. செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் சில்லு எடையை அளக்கும். ஈரத்தைக் கண்ணால் மதிப்பது தொடர்ந்தால், பொய்யான பாதியின் பக்கத்தில் உண்மையான பாதி எழுதப்படும், அவ்வளவுதான். வியாபாரத் தராசுகளைச் சோதித்து முத்திரையிட 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் இருக்கிறது. உலர் ரப்பர் விகிதத்தைச் சோதிக்கும் கருவிக்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

பேரேட்டின் வடிவத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ரப்பர் பல கை மாறி, கலந்து, பிரிந்து போவதால் அதற்கு வலை வடிவமே பொருத்தம். நேர்ச்சங்கிலியில் பத்துத் தோட்டத்துக் கட்டிப்பால் ஒரு லாரியில் கலப்பதை எழுதுவது அவஸ்தை. சரிபார்ப்போர் குழு ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும். வியாபாரிகளும் வாரியமும் மட்டும் இல்லாமல், சிறுதோட்டக்காரர் சங்கங்களுக்கும் அதில் இடம் வேண்டும். எந்தச் செயலி வந்தாலும் நானோவின் அந்த ஒரு விதியை அதில் புகுத்தவேண்டும்: வாங்குகிறவரின் பதிவு மட்டும் போதாது. கிலோவையும் விகிதத்தையும் பார்த்து, விற்கிறவர் தம் கைப்பேசியில் தம் கையெழுத்தைப் போடும்வரை அந்த விற்பனை நடுவழியில் நிற்கவேண்டும். மறுத்தால், மறுத்தார் என்பதும் அழியாமல் பதிவாக வேண்டும். “இது உங்க புத்தகம்தானே” என்று அதைத் தள்ளிவைக்க முடியாது. கைப்பேசி இல்லாதவருக்குக் கட்டைவிரல் இருக்கிறது.

வியாபாரிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒவ்வொருவரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் வரிசை நீளும் என்பார்கள். நீளட்டும். தராசின் முகம் யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்று எட்டிப் பார்க்க, பின்னால் நிற்பவருக்கு அந்த நேரம் போதும்.